மருந்துப் புட்டி வந்தது, கல்வி எங்கே?

ஊருக்கே கப்பல்துறை என்று பெயரிட்டனர் நம் முன்னோர். கப்பல் வரும் இடத்துக்கு வணிகம் வரும், படையும் வரும், நோயும் வரும். இம்மூன்றையும் கண்டது திருகோணமலை. போர்த்துக்கேயன் வந்தான்; ஒல்லாந்தன் வந்தான்; பிரெஞ்சுக்காரன் வந்தான்; ஆங்கிலேயன் வந்தான். வந்தவர் அனைவரும் துறைமுகத்தை அளந்தனர். அதன் கரையில் வாழும் மக்களை அளந்தாரில்லை. இன்றும் கதை அதுவே. சீனன்குடாவில் நிற்கும் 99 எண்ணெய்க் குதங்களுக்காக 2022 ஜனவரியில் இந்தியாவுடன் உடன்படிக்கை எழுதப்பட்டது. அமைச்சர்கள் பறந்தனர், தூதுவர்கள் விருந்துண்டனர், பத்திரிகைகள் பக்கம் பக்கமாய் எழுதித் தள்ளின. எண்ணெய்க் குதத்துக்குக் காட்டிய கரிசனையில் நூற்றில் ஒரு பங்கேனும், இதே துறைமுகத்தைச் சூழ்ந்த கிராமங்களில் பச்சிளங் குழந்தையின் தொடையில் ஊசி ஏற்றும் மருத்துவ மாதுவுக்குக் காட்டப்பட்டதா? அவள் கையிலுள்ள மருந்தின் விஞ்ஞானத்தை அவளுக்கு யார் கற்பிக்கிறார்? எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? எந்த மொழியில்?

இந்த மூன்று கேள்விகளையும் இன்று வெளிப்படையாகக் கேட்கிறோம். மருந்துப் புட்டியை அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் இதற்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

பெருமையை மறுக்கவில்லை

இலங்கையின் சுகாதாரச் சாதனையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆசியாவின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் அமைந்தது. காசநோய்க்கான பீ.சீ.ஜீ. ஊசி 1949இல் வந்தது. தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான கூட்டு ஊசி 1961இலும், இளம்பிள்ளைவாதத்துக்கான சொட்டு மருந்து 1962இலும் வந்தன. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. இளம்பிள்ளைவாதத்தின் கடைசி நோயாளி 1993இல் காணப்பட்டார். சின்னமுத்து ஒழிந்தது என 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. செல்வந்த நாடுகள் பலவும் எட்டாத நிலை இது.

இந்தச் சாதனையைச் செய்தது யார்? கொழும்பில் கோவை புரட்டியவர்களா? வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும், மூதூரிலும் கிண்ணியாவிலும், தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும், சேற்றிலும் வெயிலிலும் நடந்து வீடு வீடாகச் சென்ற குடும்பநல மாதரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருமே செய்தனர். 1995இல் தேசிய போலியோ ஒழிப்பு நாள்கள் தொடங்கியபோது, குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து சென்றடைவதற்காகப் போரிட்ட இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தின. படைத்தலைவர்களையே பணியவைத்த பணி அது! அந்தப் பணியைச் செய்தவருக்கு நாடு பட்டிருக்கும் கடன் பெரிது. அக்கடனைப் பாராட்டுரையால் தீர்க்க முடியாது, கல்வியால்தான் தீர்க்கவேண்டும்.

ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்ட சின்னமுத்து 2023இல் மீண்டும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில் யாழ்ப்பாணம் உட்பட ஒன்பது மாவட்டங்களில், ஒன்பது மாதம் நிறையாத குழந்தைகளுக்கும் மேலதிக ஊசி ஏற்றவேண்டி வந்தது. பட்டயம் சுவரில் தொங்குகிறது. கிருமி தெருவில் நடக்கிறது. பட்டயத்தைப் பார்த்துக் கிருமி திரும்பிப் போவதில்லை.

இரண்டு உயிரும் எண்பத்து மூன்று உயிரும்

“நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ஊசி பெறுகின்றனரே, பிறகென்ன குறை?” என்று கேட்கின்றனர் சிலர். அவர்களைச் சமோவாத் தீவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவாவின் சனத்தொகை ஏறக்குறைய இரண்டு இலட்சம். நம் திருகோணமலை மாவட்டத்தினும் குறைவு. அங்கே 2018 ஜூலையில் இரண்டு குழந்தைகள் சின்னமுத்து ஊசி ஏற்றப்பட்ட சில நிமிடங்களில் மாண்டன. மருந்தில் குற்றமில்லை. தூளாக உள்ள அம்மருந்தைக் கரைப்பதற்குரிய நீருக்குப் பதிலாக, தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தை எடுத்துக் கலந்துவிட்டனர் தாதியர் இருவர். அவர்கள் சிறை சென்றனர். அத்துடன் முடிந்ததா? அரசாங்கம் பல மாதங்கள் அந்த ஊசியையே நிறுத்திவைத்தது. தாய்மார் அஞ்சி ஒதுங்கினர். வதந்தி பரப்புவோருக்குத் திருவிழா ஆயிற்று. 2019இன் இறுதியில் சின்னமுத்து புகுந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்தனர். 83 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஐந்து வயது நிறையாத பாலகர்!

இரண்டு புட்டிகளை வேறுபடுத்தத் தவறியதன் விலை எண்பத்தைந்து உயிர். அந்தத் தாதியரைத் தூற்றி நம் மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்தப் புட்டிக்குப் பக்கத்தில் எந்தப் புட்டி இருக்கக்கூடாது, கரைக்கும் நீர் எந்த உற்பத்தியாளருடையதாக இருக்கவேண்டும், கரைத்த மருந்தை ஆறு மணித்தியாலத்துக்குள் ஏன் கொட்டிவிடவேண்டும் என்பவற்றை மனத்தில் பதியுமாறு கற்பித்து, ஆண்டுதோறும் மீட்டிப் பார்க்கும் ஏற்பாடு இருந்திருப்பின் அந்தக் கை தடுமாறியிருக்குமா? தண்டனை பிழைக்குப் பின்னே வருவது. கல்வி பிழைக்கு முன்னே நிற்பது.

தூரத்துத் தீவு என்று தள்ளிவிடுகிறீர்களா? பாக்கு நீரிணைக்கு அப்பாலே பாருங்கள். 2008 ஏப்ரலில் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் சின்னமுத்து ஊசி ஏற்றப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத் துணை நிலையங்களில் ஊசி ஏற்றுவது நிறுத்தப்பட்டு, வைத்தியர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே தாய்மார் செல்லவேண்டியதாயிற்று. 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 81. பத்தாண்டு கழித்து, 2015-16இல் அது 70! இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலம் பின்னோக்கி நடந்தது. இறக்கத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஊருக்குள் வந்த ஊசி ஊரைவிட்டுப் போனதும் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. 2019-21 ஆய்வில் அது 89ஆக உயர்ந்தது என்பது மகிழ்ச்சியே. இழந்ததை மீட்கப் பதினைந்து ஆண்டுகள் சென்றன என்பதை மறக்கலாமா?

நம் நாட்டிலும் எச்சரிக்கை மணி ஒலிக்காமலில்லை. 2008இல் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, சில குழந்தைகளின் மரணத்தையடுத்து நிறுத்தப்பட்டு, ஆராய்ந்த பின் 2010இலேயே மீண்டும் வந்தது. 2009இல் மாத்தறையில் ருபெல்லா ஊசி பெற்ற மாணவி ஒருவர் இறந்தார். நாடெங்கும் பெற்றோர் கலங்கினர். நம்பிக்கை என்பது அணைக்கட்டு. கட்ட ஒரு தலைமுறை வேண்டும். உடைய ஓர் இரவு போதும். குளத்து நீரை நம்பி விதைக்கும் கமக்காரருக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை.

அறியவேண்டியது எவ்வளவு!

ஊசி ஏற்றுவது சிறு வேலை என்று நினைப்போர் பலர். அவர்களிடம் ஒன்று கேட்போம். வெப்ப நாட்டில் தடுப்பூசிக்கு எது பகை? “வெயில்” என்று உடனே சொல்வார்கள். பாதி உண்மை. தடுப்பூசியை 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் வைக்கவேண்டும். குளிர்பெட்டியின் ஓரத்தில், பனிக்கட்டியை ஒட்டி வைக்கப்பட்ட ஏற்புவலி ஊசியும் ஈரல் அழற்சி ஊசியும் உறைந்துவிட்டால் அவை மருந்தல்ல, வெறும் நீர். அவற்றில் சேர்க்கப்பட்ட அலுமினிய உப்பு உறைந்ததும் திரண்டுவிடும். உருகிய பின்பு பழைய நிலைக்கு வராது. பார்வைக்குப் புட்டி அப்படியே இருக்கும். ஐயம் எழுந்தால், அதே தொகுதியில் வேண்டுமென்றே உறையவைத்த ஒரு புட்டியையும் ஐயத்துக்குரிய புட்டியையும் சேர்த்துக் குலுக்கி, அடியில் மண்டி எது விரைவாகப் படிகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வெயிலுக்கு அஞ்சி மருந்தைப் பனிக்கட்டிக்குள் புதைக்கும் கை, நன்மை செய்வதாக எண்ணியே மருந்தைக் கொல்கிறது. இதைக் கற்பிக்காமல் குளிர்பெட்டி வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

இன்னொன்று. பாடசாலையில் ஊசி ஏற்றிய சிறிது நேரத்தில் ஒரு சிறுமி சாய்கிறாள். அச்சத்தால் வந்த மயக்கமா? ஒவ்வாமையின் கொடிய தாக்குதலா? முன்னையதில் நாடி மெலிந்து மெதுவாகும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளிவாள். பின்னையதில் நாடி விரையும், தோல் தடிக்கும், மூச்சுத் திணறும், இரத்த அழுத்தம் விழும். அப்போது தாமதமின்றித் தொடைத் தசையில் அட்ரினலின் ஏற்றவேண்டும். பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்று என்னுமளவில் நேரும் அரிய நிகழ்ச்சி இது. அரிதாக நேர்வதாலேயே அனுபவத்தால் கற்க இயலாது. பயிற்சியால் மட்டுமே கற்க இயலும். மயக்கத்தை ஒவ்வாமையென்று எண்ணி ஊரைக் கூட்டினால் நம்பிக்கை சாகும்; ஒவ்வாமையை மயக்கமென்று எண்ணிக் காத்திருந்தால் குழந்தை சாகும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவள் அந்த ஒரு பெண். அவளுக்கு நாம் கொடுத்த ஆயுதம் என்ன?

இனி, தாயின் கேள்விக்கு வருவோம். “சின்னமுத்து ஊசியை ஏன் ஒன்பதாம் மாதம் வரை பொறுத்துப் போடுகிறீர்கள் அம்மா?” என்று ஒரு தாய் கேட்கிறாள். தாயின் இரத்தத்திலிருந்து குழந்தைக்கு வந்த பிறபொருளெதிரிகள் முதல் மாதங்களில் காவல் நிற்கின்றன. அவை ஊசியிலுள்ள கிருமியையும் அழித்துவிடும். அவை தேய்ந்த பின்பே ஊசி பயன்தரும் என்று சொல்லத் தெரிந்தவள், ஒரு நிமிடத்தில் அந்த வீட்டை வென்றுவிடுவாள். “மேலிடத்து உத்தரவு” என்று மட்டும் சொல்லத் தெரிந்தவள், அடுத்த வீட்டு வதந்திக்குத் தோற்றுவிடுவாள். ஆறாம் வகுப்பு மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான ஊசி 2017 முதல் ஏற்றப்படுகிறது. “என் மகளுக்கு இந்த வயதில் இது எதற்கு?” என்று தந்தை கேட்டால் விடை சொல்ல விஞ்ஞானமும் வேண்டும், நாகரிகமும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பேசும் மொழியில் சொல்லும் வேண்டும்.

தமிழில் முடியாதாம்!

இங்கேதான் நம் வழக்கின் நெஞ்சு இருக்கிறது. 1956 ஓகஸ்டில் இதே திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு தமிழுக்கு உரிய இடத்தைக் கோரியது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஏட்டில் ஆயிற்று, எழுதுகோலில் ஆயிற்றா? நாட்டின் நோய் நிலையைக் கிழமைதோறும் அறிவிக்கும் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. சமுதாய மருத்துவத்தின் மேற்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. ஆங்கிலத்தின் மீது நமக்குப் பகையில்லை. அது உலகச் சாளரம். ஆனால் சாளரத்தின் வழியே வீட்டுக்குள் நடமாட முடியாது. அதற்கு வாசல் வேண்டும்.

ஒரு தமிழ் மாணவி உயர்தரம் வரை உயிரியலைத் தமிழிலே கற்கிறாள். நிர்ப்பீடனம் என்றால் என்ன, பிறபொருளெதிரி என்றால் என்ன என்று தமிழிலே எழுதிச் சித்தியடைகிறாள். சொற்கள் இருக்கின்றன, ஆண்டாண்டாக நம் பாடநூல்களில் வாழ்கின்றன. அவள் பணியில் சேர்ந்தபின் அந்தச் சொற்களுக்கு மேலே ஒரு படி ஏற வழியில்லையெனில், குற்றம் மொழியினதா, ஆட்சியினதா?

“மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலாது” என்பவர்கள் மானிப்பாய்க்குச் சென்று வரட்டும். அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்கே 1848 முதல் மாணவருக்கு மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். பிரசவ வைத்தியத்தையும் இரண வைத்தியத்தையும் உடற்கூற்றையும் தமிழ் நூல்களாக்கினார். கடல் கடந்து வந்த அயலான் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் செய்து காட்டியதை, இம்மண்ணில் பிறந்தவர் இன்று இயலாது என்கின்றனர். இயலாமை மொழியில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

கமக்காரன் சாட்சி சொல்வான்

தடுப்பூசி விஞ்ஞானம் பட்டணத்தார் விவகாரம் என்று கமக்காரர் ஒதுங்கவேண்டாம். நெல்வயலில் பெருகும் நுளம்பு பரப்பும் யப்பானிய மூளைக்காய்ச்சல், 1980களின் நடுவில் உலர்வலயத்தில் பல உயிர்களைக் குடித்தது. 1988இலேயே அதற்கெதிரான தடுப்பூசி தொடங்கப்பட்டது. வயலும் வைத்தியமும் ஒன்றையொன்று விட்டு நிற்பதில்லை.

மாட்டுப்பட்டியையும் நினைத்துப் பாருங்கள். இந்திய அமைதிப்படையின் உணவுக்கென 1987இல் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு மாட்டு வெக்கை நோய் இந்நாட்டுக்குள் மீண்டும் புகுந்தது. அந்நோயை 2011இல் உலகிலிருந்தே ஒழித்துவிட்டனர். எப்படி? கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய தடுப்பூசி முதற்படி. வெப்பத்தைத் தாங்குமாறு அது பின்னர் செம்மையாக்கப்பட்டது இரண்டாம் படி. மூன்றாவதே கடைசிக் கோட்டையைப் பிடித்தது. எதியோப்பியாவிலும் தெற்குச் சூடானிலும் பட்டம் பெற்ற மிருக வைத்தியர் போக முடியாத பாலைவெளிகளில், மாடு மேய்ப்போரையே தெரிந்தெடுத்து, அவர்கள் ஊரிலேயே பயிற்றி, அவர்கள் கையிலேயே ஊசியைக் கொடுத்தனர். மாட்டுக்குச் செய்த இந்த மரியாதையை மனிதக் குழந்தைக்குச் செய்யக் கூடாதா?

நம்மவரையும் விடோம்

கொழும்பை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது. சுகாதாரத்தில் மாகாணத்துக்கும் அதிகாரம் உண்டு. கிழக்கு மாகாண சுகாதார அமைச்சின் பணிமனை திருகோணமலையிலேயே இருக்கிறது. இலவசக் கல்வியால் வைத்தியரான நம் பிள்ளைகளில் பலர், 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் விமானம் ஏறினர். வறுமையை அஞ்சிப் போனவரை வையோம். இலண்டனிலும் தொரன்டோவிலும் இருந்து ஆண்டுக்கு இரண்டு கிழமை வந்து தமிழில் பாடம் நடத்த அவர்களால் இயலாதா? மேடைதோறும் தமிழை வாழ்த்தும் நம் அரசியல்வாதிகள், தமிழில் ஒரு தடுப்பூசிக் கைந்நூல் வேண்டுமென்று பாராளுமன்றத்தில் எத்தனை முறை குரல் எழுப்பினர்?

வழிகாட்டிகள் இல்லாமலில்லை. பிரான்சிலுள்ள அன்னெசியில் 2000ஆம் ஆண்டு முதல் தடுப்பூசியியல் உயர்பாடநெறி நடைபெறுகிறது. அண்டையிலே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மேல்நாட்டில் நன்றாக வேலை செய்த போலியோச் சொட்டு மருந்து நம்மைப் போன்ற வெப்பநாட்டுக் குழந்தைகளில் குறைந்த பயனையே தருகிறது என்று கண்டறிந்து, கூடுதல் வேளைகள் வேண்டுமென வாதாடியவர் அங்கிருந்த ரி. ஜேக்கப் ஜோன். நம் மண்ணின் உண்மையை நம் மண்ணில் நின்றே கண்டுபிடிக்கவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நாம் கேட்பது

நாம் கேட்பவை நான்கு.

முதலாவது: மருத்துவ மாதர், தாதியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருந்தாளர், வைத்தியர் ஆகிய அனைவருக்கும் தடுப்பூசி விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்கும் நிலையான பயிற்சிக் கூடம் ஒன்று திருகோணமலையில் அமையவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடமும் யாழ்ப்பாண மருத்துவ பீடமும் அதற்கு ஆசிரியரை வழங்கவேண்டும். சிங்கள ஊழியருக்குச் சிங்களத்தில் நடக்கட்டும். கந்தளாய்க் குழந்தையின் உயிரும் மூதூர்க் குழந்தையின் உயிரும் நமக்கு ஒன்றே.

இரண்டாவது: பணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் மீள்பயிற்சி. சம்பளத்தோடும் பயணச் செலவோடும், பதில் ஊழியரை நிறுத்தியும் அது நடக்கவேண்டும். ஓய்வு நாளைப் பறித்து நடத்தும் பயிற்சி, பயிற்சியன்று; தண்டனை.

மூன்றாவது: ஊசி அட்டவணை மாறும்போதெல்லாம் அறிவித்தலும் கைந்நூலும் தமிழில் அதே நாளில் வரவேண்டும். நோய் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

நான்காவது: ஊசிக்குப் பின் நேரும் பாதகத்தை ஒளிக்காமல் அறிவிப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். உண்மையைச் சொன்னவரை இடமாற்றம் செய்தால் அடுத்தவர் வாய் திறவார். வாய் திறவாத இடத்தில் பிழை குடியிருக்கும்.

இவற்றுடன் மாவட்டத்தில் எத்தனை மருத்துவ மாதர் பதவிகள் வெற்றிடமாக உள்ளன, சென்ற ஆண்டு எத்தனை பயிற்சி நாள்கள் தமிழில் நடந்தன என்ற கணக்கைப் பகிரங்கமாக வெளியிடுமாறும் அதிகாரிகளைக் கேட்கிறோம். எண்ணெய்க் குதங்களை எண்ணத் தெரிந்தவர்களுக்கு இதையும் எண்ணத் தெரியும்.

வாசகர்களே! உங்கள் ஊர்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லுங்கள். அங்குள்ள மாதுவிடம் குறை கூறாதீர்கள். அவளுக்குக் கிடைத்த பயிற்சி என்ன என்று கேளுங்கள். கேட்டதை உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். கமக்காரர் சங்கத்திலும் ஆசிரியர் சங்கத்திலும் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அறிவில்லாத கையில் அமுதும் நஞ்சாகும் என்பதைச் சமோவா எண்பத்தைந்து பிரேதங்களை வைத்து எழுதிக் காட்டிவிட்டது. அந்தப் பாடத்தை நாமும் அதே விலை கொடுத்துக் கற்கவேண்டுமா? ஆட்சியாளர் விடை சொல்லட்டும், தமிழில் சொல்லட்டும்!